கறுப்பு விடு, வெள்ளை விடு

அந்த மாலைப் பத்திரிகை அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் சம்பந்தி. "சம்பந்தி, என் பிரிண்டர் மறுபடியும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிச்சு" என்று ஆசிரியர் தன் அறையிலிருந்து குரல் கொடுப்பார். பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிப்போக வரும் வேன் ஓட்டுநர்கள்கூட "சம்பந்தி வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் படியேறுவார்கள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளையே இல்லாதவள் எப்படி ஊருக்கெல்லாம் சம்பந்தி ஆனாள் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கொஞ்ச நாள் குழம்புவார்கள். பிறகு அவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

அவள் வேலைக்கு வந்தது தட்டச்சு செய்ய. கணினிகளைக் கவனித்துவந்தவர் ஒருநாள், "ரெண்டு நாள் ஊருக்குப் போறேன், பார்த்துக்குங்க" என்று கடவுச்சொற்களை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. அவள் கையில் வந்த கணினிகள் எல்லாமே கிழடு. கிழட்டுக் கணினிக்கும் ஓடத் தெம்பு கொடுக்கிறது என்றும், விலை கிடையாது என்றும் சொல்லி அந்த ஆள் எல்லாவற்றிலும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டிருந்தார். முதல் காரணம் முதலாளியின் காதில் விழுந்ததோ இல்லையோ, இரண்டாவது நன்றாக விழுந்தது.

லினக்ஸில் ஒரு சங்கதி உண்டு. திரையில் தெரியும் நிரல்களை எல்லாம் ஒரே கூட்டம் எழுதுவதில்லை. பெரிய குடும்பங்கள் இரண்டு, சில்லறைக் குடும்பங்கள் பல. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு திரை முகப்பு, சொந்தமாக எழுதும் நிரல், படம் பார்க்கும் நிரல், கோப்பு திறக்கும் ஜன்னல். ஒரு குடும்பத்து முகப்பில் மற்றக் குடும்பத்து நிரலும் ஓடும், யாரும் தடுப்பதில்லை. ஆனால் ஓடுகிற நிரல் புகுந்த வீட்டு வழக்கத்தைப் பார்க்காது. பிறந்த வீட்டு வழக்கத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். ஒன்றில் 'சரி' பொத்தான் வலப்பக்கம், இன்னொன்றில் இடப்பக்கம். ஒன்றில் பிரதி எடுத்ததை இன்னொன்றில் ஒட்டப் போவதற்குள் முதல் நிரலை மூடிவிட்டால், பிரதி எடுத்தது காற்றோடு போய்விடும்.

பத்திரிகையில் செய்தி எழுதும் நிரல் ஒரு குடும்பம். அட்டவணைகளையும் பட்டியல்களையும் திருத்தும் நிரல் மற்றொரு குடும்பம். "ஏம்மா, எல்லாம் ஒரே மாதிரி இருந்தா என்ன குறைஞ்சுடும்?" என்று ஆசிரியர் ஒருமுறை கூட்டத்தில் எரிந்து விழுந்தார்.

"ரெண்டும் தனித்தனியாத் தங்கமான குடும்பம் சார். ஒரே கூரைக்குக் கீழே நிக்க வச்சாத்தான் முறுக்கிக்கிறாங்க. நான் நடுவுல சம்பந்தி வேலை பார்த்துக்கிட்டு இருக்கேன்."

அன்றே ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவள் வீட்டு நிலவரம் தெரிந்தவர்களுக்கு அதில் கூடுதல் சிரிப்பு. கணவர் சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதிக்கு மேல் தண்ணீரில்தான். வீட்டில் அவளோடு இருப்பது அவளுடைய அம்மாவும் மாமியாரும். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் ஈரத் துண்டை வெவ்வேறு கொடியில்தான் போடுவார்கள்.

கமா என்பவர் அங்கே பிழை திருத்துபவர். ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, எப்போதும் முன்னால் குனிந்த தலை. அந்த வளைவைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள் என்று ஒரு கட்சி. வாக்கியத்துக்கு நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிப் பேசுவதால் என்று இன்னொரு கட்சி. அவரைத் தாண்டாமல் ஒரு பக்கமும் அச்சுக்குப் போனதில்லை.

கொஞ்ச காலமாக அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெளிவு. வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. கறுப்புப் பின்னணியில் பெரிய வெளிர் எழுத்தாக இருந்தால் படித்துவிடுவார். செய்தி நிரல் அப்படி மாறச் சம்மதித்தது. அட்டவணை நிரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அது வெள்ளை வெளேரென்று சின்ன எழுத்தில்தான் திறக்கும். அதைத் திறக்கும்போதெல்லாம் கமா கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொள்வார், வெயிலில் பஸ் பார்ப்பவரைப்போல.

'கூட்டம் கலைந்தது' என்பது 'கூட்டம் கலந்தது' என்று ஒருநாள் அச்சாகிவிட்டது. அடுத்த வாரமே ஒரு திறப்பு விழா 'திருப்பு விழா' ஆயிற்று. ஆசிரியர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். அறைக் கதவு சரியாகச் சாத்தாது என்பதால் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"மாசக் கடைசி வரைக்கும் பார்க்கலாம். சரிப்படலைன்னா முன்னாடி போன் மேசைக்குப் போயிடுங்க. வாசகருங்க கூப்பிடுவாங்க, பேசினாப் போதும்."

"போன்ல, பிழை பார்க்க முடியாதே சார்."

"பேசறவங்களோட பிழையைத் திருத்துங்களேன்."

ஆசிரியர் சிரிக்கவில்லை. வெளியே வந்த கமாவும் சிரிக்கவில்லை. நேராகச் சம்பந்தியின் மேசைக்கு வந்தார்.

"அந்த வெள்ளைக்காரனைக் கொஞ்சம் கறுப்பாக்க முடியுமா?"

"பார்க்கறேன் அண்ணா."

"பார்க்கறேன்னு சொல்றவங்க, எல்லாரும், பார்க்கத் தெரிஞ்சவங்க. கொஞ்சம் சீக்கிரம் பாருங்க."

அவள் முதலில் செய்த காரியம், தன் மூக்குக்கண்ணாடியில் முகத்துக்குப் போடும் கிரீமை ஓரமெல்லாம் பூசிக்கொண்டு, நடுவில் சின்ன வட்டம் மட்டும் விட்டு, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தது. உட்கார்ந்தபின்தான் பல விஷயம் பிடிபட்டது. அம்புக்குறி செய்தி நிரலுக்குள் கட்டைவிரல் அளவு இருக்கும், அட்டவணை நிரலுக்குள் நுழைந்ததும் எறும்பாகச் சுருங்கிவிடும். பிறகு அதைத் தேடுவதே ஒரு வேலை. கேள்வி கேட்கும் சின்ன ஜன்னல்கள் வந்தால், ஒரு நேரத்தில் ஒரு பொத்தான்தான் கண்ணுக்குள் வந்தது.

கோளாறின் வேர் சாதாரணமானது. 'கறுப்பு வேண்டும், எழுத்து பெரிதாக வேண்டும்' என்று ஒரு குடும்பத்திடம் சொன்னால் அது தன் வீட்டுப் பெட்டியில் எழுதி வைத்துக்கொள்ளும். மற்றக் குடும்பம் அந்தப் பெட்டியைத் திறந்தே பார்க்காது, அதற்கு வேறு பெட்டி. படம் பார்க்கும் நிரலோ சீல் வைத்த பொட்டலமாக வந்தது. அது எந்தப் பெட்டியையும் பார்க்க முடியாது. ஒரே ஒரு வாசல் வழியாக வெளியே கேட்கும்: இங்கே கறுப்பா வெளுப்பா, கோப்பு எங்கே? வாசலில் நின்று பதில் சொல்லவேண்டிய நிரல் அந்தக் கணினியில் நிறுவப்படவே இல்லை.

அவள் வாசலுக்கு ஆளைப் போட்டாள். ஒரு பெட்டியில் எழுதியது மறு பெட்டிக்கும் போய்ச் சேரும்படி வழி செய்தாள். அம்புக்குறிக்கு எல்லா வீட்டிலும் ஒரே அளவு. கோப்பு திறக்கும் ஜன்னல் யார் கேட்டாலும் ஒன்றே. பொத்தான்களின் வரிசையைக்கூட ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டாள். கடைசியில் எது எந்தக் குடும்பம் என்று அவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை. அதுதான் தனக்குக் கிடைத்த சான்றிதழ் என்று நினைத்துக்கொண்டாள்.

கமா உட்கார்ந்து பார்த்தார். புருவத்துக்குக் கை போகவில்லை.

"அடேயப்பா, சம்பந்திங்க ரெண்டு பேரும் ஒரே சட்டை போட்டுட்டாங்களே!"

அந்த வாரம் பிழை எதுவும் அச்சில் வரவில்லை. ஆசிரியர் போன் மேசை பற்றிப் பேசவில்லை. வரவில்லை என்பதையும் பேசவில்லை என்பதையும் சம்பந்தி கவனித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நகரத்தின் பேருந்துத் தடங்களை எல்லாம் ஒரே நாளில் மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. எந்த எண் எங்கிருந்து எங்கே போகும் என்று முழுப் பக்க அட்டவணை. மறுநாள் காலையில் பாதி நகரம் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிறுத்தத்தில் நிற்கும். ஒரு எண் தப்பினால் ஒரு கூட்டமே தப்பான திசையில் போகும். பக்கம் கமாவிடம் வந்தது.

அவருக்கு ஒரு பழக்கம். கடைசி வரியைப் படிக்காமல் சேமிக்க மாட்டார். தாளில் பிழை திருத்திய காலத்துப் பழக்கம் அது, முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. காலை முழுக்கத் திருத்தினார். கடைசி வரிக்கு வந்து, முடிந்தது என்று ஜன்னலை மூடும் குறியை அழுத்தினார். 'மாற்றங்கள் சேமிக்கப்படவில்லை' என்று கேள்வி வந்தது. அந்த நொடியில், மேலே ஒரு நிறுத்தத்தின் பெயரில் ஒற்று விட்டுப்போனது நினைவுக்கு வந்தது. சரி, இப்போது மூட வேண்டாம் என்று 'விடு' என்ற பொத்தானை அழுத்தினார்.

ஜன்னல் போய்விட்டது. திறந்து பார்த்தால் பக்கம் காலையில் வந்தபடியே பிழைகளோடு இருந்தது. நிரல் தானாக எடுத்துவைக்கும் பிரதியையும் அந்தப் பொத்தான் கையோடு துடைத்துவிட்டிருந்தது.

கமா எழுந்து நின்று, "என் திருத்தம், எல்லாம், போச்சு" என்றார். அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

ஆசிரியர் வந்தார். கேள்வி கேட்க நேரமில்லை. பக்கத்தை நான்காகப் பிரித்து, ஆளுக்கொரு பங்கு என்று கமாவையும் சேர்த்து உட்கார வைத்தார். கீழே வேன்கள் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தன. "அவனுங்க அடிக்கட்டும், நீங்க படிங்க" என்று ஆசிரியர் கத்தினார். பக்கம் தாமதமாகப் போனது, பிழையில்லாமல் போனது.

கடைசி வேன் கிளம்பியதும் ஆசிரியர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னார். "திங்கக்கிழமையிலேர்ந்து போன் மேசை. கோபத்துல சொல்லலை. கண்ணு தெரியாம இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

கமா தலையாட்டினார். இழுப்பறையைத் திறந்து தன் பேனாக்களை எடுத்து வெளியே வைக்கத் தொடங்கினார். சம்பந்தி ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்ன அழுத்தினீங்க அண்ணா?"

"விடு."

"பொத்தான் சரியாத் தெரியலையா?"

"நல்லாத் தெரிஞ்சுதும்மா. உங்க புண்ணியத்துல எழுத்து பெரிசாத்தான் இருந்துது. விடுன்னுதான் போட்டிருந்துது. விட்டுடு, மூடாதேன்னு அர்த்தம்."

"அட்டவணை நிரல்ல அதுக்கு அர்த்தம் வேற. திருத்தத்தைக் கைவிடுன்னு."

"தெரியுமே!" என்றார் கமா. குரலில் முதல்முறையாகச் சூடு ஏறியது. "வருஷக்கணக்கா எனக்குத் தெரியும். கறுப்பு ஜன்னல்ல விடுன்னா சும்மா விடு. வெள்ளை ஜன்னல்ல விடுன்னா கைகழுவி விடு. வெள்ளையா, கண்ணைக் குத்துச்சுன்னா, கை தானா நின்னுடும். இப்பதான் ரெண்டும் கறுப்பாச்சே."

சம்பந்திக்கு அப்போதுதான் விளங்கியது. செய்தி நிரலைத் தமிழாக்கியது ஒரு தன்னார்வலர் குழு. அட்டவணை நிரலைத் தமிழாக்கியது வேறொரு குழு. ஒரு குழு 'மூடும் யோசனையை விடு' என்று நினைத்து அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறது, மற்றது 'திருத்தத்தை விடு' என்று நினைத்து. இரண்டும் தமிழ்தான், இரண்டும் சரிதான். வெளிப்பூச்சு வேறாக இருந்தவரை ஒருவர் மேல் ஒருவர் இடிக்கவில்லை. அவள் பூச்சை ஒன்றாக்கினாள், சொல்லைத் தொடவில்லை.

"இதை நீங்க சொல்லவே இல்லையே அண்ணா."

"நீங்க கேக்கலையே. குத்துதுன்னு சொன்னேன். குத்தறதுல ஒரு லாபமும் இருக்குன்னு, எனக்கே, இன்னைக்குத்தான் தெரியும்."

அன்று வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள். "நீங்க ஒரு வேலையா இருக்கும்போது நான் வந்து 'விடு'ன்னா என்ன செய்வீங்க?"

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, "அப்படியே வச்சுட்டு உன் மூஞ்சியைப் பார்ப்பேன்" என்றார்.

"கையில இருக்கறதைக் கீழே போட்டுடுவேன்" என்றார் மாமியார்.

"போட்டுடுவீங்களா? கண்ணாடி டம்ளரா இருந்தா?"

"விடுன்னு நீதானே சொன்னே? உடைஞ்சா என்னைக் கேக்கக் கூடாது."

"சம்பந்தி எப்பவும் சொன்னதை மட்டும் செய்வாங்க" என்றார் அம்மா, மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரி, ரத்துன்னு சொன்னா?"

"எதை ரத்து?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அந்த வீட்டில் அது அபூர்வம்.

"மூடாதேன்னு சொன்னா?"

"மூட மாட்டோம்" என்றார் மாமியார். "இதுல என்ன குழப்பம்? ஆபீஸ்ல உனக்கு வேற வேலை கிடையாதா?"

மறுநாள் காலையில் எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஆசிரியரைக் கமாவின் நாற்காலியில் உட்கார வைத்தாள். அட்டவணை நிரலைத் திறந்து, "இதுல நாலு வரி திருத்துங்க சார். அப்புறம் மூடப் போங்க. கேள்வி வரும். திருத்தம் பாதியிலதான் இருக்கு, சேமிக்கவும் வேண்டாம், தொலையவும் கூடாது. என்ன அழுத்துவீங்க?"

"காலங்காத்தால பரீட்சையா?" என்று அலுத்துக்கொண்டே ஆசிரியர் திருத்தினார். கேள்வி வந்தது. சேமி, விடு, ரத்து. வாய்விட்டே யோசித்தார். "சேமி வேண்டாங்கறே. ரத்துன்னா திருத்தம் ரத்தாயிடும். அப்ப விடுதான்." அழுத்தினார். ஜன்னல் போனது. "எங்கே போச்சு?"

"நேத்து பஸ் பக்கம் போன இடத்துக்கு. இங்கே ரத்துன்னாத்தான், மூடறது ரத்து."

ஆசிரியர் காலித் திரையைச் சுட்டிக்காட்டினார். "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதே!"

"தெரியுது சார்" என்றார் பின்னால் நின்ற கமா. "அதனால, ஒண்ணும், பிரயோஜனம் இல்லை."

யாரோ ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். "அட்டவணை நிரலைக் கறுப்பாக்கினது நான் சார்" என்றாள் சம்பந்தி. "சொல்லையும் சேர்த்துப் பார்த்திருக்கணும். அது என் தப்பு, அவர் கண்ணோட தப்பில்லை."

ஆசிரியர் எழுந்தார். "திங்கக்கிழமை சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். வாக்குக் கொடுக்கவில்லை.

இரண்டு தன்னார்வலர் குழுக்களுக்கும் அவள் எழுதினாள். நடந்ததை விளக்கி, ஒரே சொல்லாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். இருவரும் மரியாதையாகப் பதில் போட்டார்கள். தங்கள் சொல்தான் பொருத்தமானது, அந்தப் பக்கத்துக்காரர்களை மாற்றச் சொல்லுங்கள் என்று ஒரு குழு. மற்றதும் அதேதான், இன்னும் கொஞ்சம் நீளமாக. அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். வீட்டில் தினம் கேட்கிற பேச்சுத்தான்.

பேச்சுவார்த்தை முடியும்வரை திங்கட்கிழமை காத்திருக்காது. நிரல்கள் சொற்களை எடுத்துக்கொள்ளும் கோப்புகளைத் தேடிப்பிடித்து, அலுவலகக் கணினிகளில் மட்டும் தானே மாற்றினாள். 'விடு' எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் எடுத்தாள், 'ரத்து' என்பதையும் எடுத்தாள். எந்தக் குடும்பத்து நிரலானாலும் மூடும்போது ஒரே கேள்வி, ஒரே மூன்று பதில்: சேமித்து மூடு, சேமிக்காமல் மூடு, மூடாதே. கண்ணாடியில் மறுபடி கிரீம் பூசிக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை கமா வழக்கம்போல வந்தார். பேனாக்கள் இழுப்பறைக்கு வெளியே அப்படியே இருந்தன. எங்கே உட்கார்வது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். போன் மேசையைப் பார்த்தார். பிறகு தன் பழைய நாற்காலியில், விருந்தாளிபோல நுனியில் உட்கார்ந்தார். முதல் பக்கம் வந்தது, படித்தார். இரண்டாவது ஒரு அட்டவணை, அதையும் படித்தார். ஆசிரியர் அறைவாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கமா அட்டவணை ஜன்னலை மூடப்போனவர் நிறுத்தினார். திரையை நோக்கிக் குனிந்தார். ஒவ்வொரு பொத்தானாக நடுப்பார்வைக்குள் கொண்டுவந்தார். நேரம் ஆனது. சம்பந்தி தன் இடத்திலிருந்து எழுந்தேவிட்டாள்.

"சம்பந்தி, இங்கே ஒரு பிழை இருக்கு."

"என்ன அண்ணா, மறுபடியும் போச்சா?"

"ஒண்ணும் போகலை. நடுப் பொத்தானைப் பாருங்க. 'சேமிக்காமல் மூ'ன்னு போட்டு, மூணு புள்ளி வச்சிருக்கீங்க. 'டு' எங்கே?"

அவள் குனிந்து பார்த்தாள். எழுத்தைப் பெரிதாக்கியதில் அவ்வளவு நீளச் சொல் பொத்தானுக்குள் அடங்கவில்லை. நிரல் வாலை வெட்டிவிட்டுப் புள்ளி வைத்திருந்தது. அத்தனை தடவை அழுத்திப் பார்த்தவள் அதைப் பார்க்கவில்லை. தான் என்ன எழுதினோம் என்று தெரிந்துதானே பார்த்தாள்.

"பொத்தான்ல இடம் பத்தலை அண்ணா. புரியுதில்ல?"

"புரியறது வேற, சரியா இருக்கறது வேற. மூன்னு, பாதி வாயோட, விட்டா எப்படி? இதை நான் பாஸ் பண்ண முடியாது."

அப்போது முன்னறையில் போன் அடித்தது. அங்கே ஆள் இல்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் ஆசிரியரைப் பார்த்தார்கள். ஆசிரியர் கமாவைப் பார்த்தார். கமா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பொத்தானைப் பெரிசு பண்ணிக் குடும்மா, அவர் விட மாட்டார்" என்று சொல்லிவிட்டு, ஆசிரியர் தானே நடந்துபோய் போனை எடுத்தார்.